விமான உலோகத்தைக் கடைவது எப்படி?

நமது சங்க மலருக்காக ஆண்டுதோறும் கல்வெட்டு, நிகண்டு, ஊர்ப்பெயர் என்று ஏதேனும் ஒரு பொருளில் எழுதித் தருவது என் வழக்கம். இந்த முறை மலர்க் குழுவில் இருக்கும் தம்பி ஒருவர், "ஐயா, நாப்பது வருஷமா கடையில உக்காந்து என்னதான் விக்கிறீங்க? அதைப்பத்தி ஒரு தடவை எழுதுங்களேன். நம்ம பசங்க பாதிப்பேர் மெக்கானிக்கல்தான் படிக்கிறாங்க" என்றார். நியாயமான கேள்வி. சோறு போட்ட தொழிலைப் பற்றி ஒருவரிகூட எழுதாமல் இருந்தது என் குறைதான்.

என்னை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணக் குடும்பம் எங்களுடையது. கொல்கத்தாவில் 'ஜெயின்' என்றதுமே மார்வாடி என்று நினைத்து இந்தியில் பேசத் தொடங்கிவிடுவார்கள். 'இல்லீங்க, நான் தமிழ்' என்று சொல்லிச் சொல்லியே பாதி வயது போய்விட்டது. நேதாஜி சுபாஷ் சாலைப் பக்கம், லேத் பட்டறைகளுக்கு வேண்டிய வெட்டுக் கருவிகளை விற்கும் சிறிய கடை வைத்திருக்கிறேன். பொறியியல் கல்லூரிப் படியேறியவன் அல்லன். தெரிந்ததெல்லாம் பட்டறையில் பார்த்ததும் நூலகத்தில் படித்ததும்தான்.

கடைசல் என்னும் தொழில்

'கடைதல்' என்றால் இன்று நமக்கு மோர்தான் நினைவுக்கு வரும். ஆனால் சுழலும் பொருளின் மேல் உளியை வைத்துச் சீவி உருவம் கொடுப்பதும் கடைதல்தான். அம்பாசமுத்திரத்து மரச் சொப்புகளும், பழைய வீட்டுத் தொட்டில் கால்களும் கடைசல் வேலைகளே. மரத்துக்குப் பதில் இரும்பு, கைக்குப் பதில் மோட்டார் என்று ஆனபோது அதுவே லேத் ஆயிற்று.

லேத்துக்கு நம் ஹௌரா பெயர் பெற்ற ஊர். 'கிழக்கின் ஷெஃபீல்டு' என்றே அதை அழைத்தார்கள். பெலிலியஸ் சாலையின் சந்துகளில் நுழைந்தால் ஒரே ஒரு லேத்தும் ஒரே ஒரு மிஸ்திரியும் உள்ள பட்டறைகளை இன்றும் காணலாம். எளிய நிலையிலிருந்து முன்னேறிய ஆலாமோகன் தாஸ் இயந்திரங்கள் செய்யும் ஆலையை நிறுவியதும் அங்கேதான். தாஸ்நகர் என்ற பெயரே அவரால் வந்தது. என் வாடிக்கையாளர்களில் முக்கால்வாசிப்பேர் இந்தப் பகுதிக்காரர்கள்.

நான் செய்த தவறு

1997ஆம் ஆண்டு. பெலிலியஸ் சாலைப் பட்டறைக்காரர் ஒருவர் கடைக்கு வந்தார். ரசாயன ஆலை ஒன்றின் பம்புக்கு நான்கு ஸ்லீவ் கடைய வேண்டும், உலோகம் டைட்டானியம் கலவை, விமானத்தில் போகிற அதே ரகம் என்றார். கம்பியைக் கொடுத்தது ஆர்டர் தந்தவர்கள். "எந்த பிட் போடணும் தாதா?" என்று கேட்டார்.

அப்போது எஃகுக்கென்று ஒரு பூச்சுப் போட்ட கார்பைடு இன்சர்ட் நன்றாக விற்றுக்கொண்டிருந்தது. கையில் இருந்ததும் அதுதான். "இது எல்லாத்துக்கும் ஓடும்" என்று சொல்லி ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டேன். டைட்டானியத்தை அதுவரை நான் கண்ணால் பார்த்ததுகூட இல்லை.

நான்காம் நாள் அவர் திரும்ப வந்தார். கோபப்படவில்லை. நுனி கருகிப்போன ஏழெட்டு இன்சர்ட்டுகளை மேசைமேல் வைத்து, "தேகுன்" என்றார். 'பாருங்கள்' என்று அர்த்தம். எஃகுக்கு வைக்கும் வேகத்தில் ஓட்டியதும் நுனி சிவந்து மழுங்கியது. பயந்துபோய் உளியைப் பட்டும் படாமலும் மெல்ல நகர்த்தினார்கள். அது சீவவில்லை, தேய்த்தது. இரண்டு ஸ்லீவ் நீலம் பாய்ந்து, அளவும் தப்பிப் போயிற்று. பாழான உலோகத்தின் விலையைப் பட்டறைதான் கட்ட வேண்டும். அது அவர் இரண்டு மிஸ்திரிகளுக்குக் கொடுக்கும் மாதச் சம்பளத்தைவிட அதிகம்.

இன்சர்ட் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். கம்பியின் விலையில் பாதியைத் தருகிறேன் என்றபோது மட்டும் மறுத்துவிட்டார். "உங்களுக்குத் தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் தாதா" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமையே அலிப்பூர் தேசிய நூலகத்துக்குப் போய் உட்கார்ந்தேன். ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகத்தின் அமிதாப பட்டாச்சார்யா உலோக வெட்டு பற்றி எழுதிய நூல்தான் எனக்குக் கிடைத்த முதல் ஆசான். கணக்குகள் பாதி புரியவில்லை. காரணங்கள் புரிந்தன. அந்தக் காரணங்களைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

மணலிலிருந்து விமானம் வரை

டைட்டானியம் ஏதோ அன்னிய தேசத்து அபூர்வம் அல்ல. நம் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கரையில் கறுப்பாக மின்னும் மணலில் இல்மனைட் என்ற தாது இருக்கிறது. இல்மனைட் என்பது டைட்டானியமும் இரும்பும் கலந்த தாது. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், அங்கிருந்து ஏற்றுமதியான தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலைச் சோதித்து அதில் மோனசைட் இருப்பதைக் கண்டார். கேஸ் விளக்கு மேண்டிலுக்கு வேண்டிய தோரியம் அதில் கிடைக்கும். மோனசைட்டுக்காகத்தான் அந்தக் கரையில் மணல் தொழில் தொடங்கியது. கயிற்று வியாபாரம் ஒரு கனிமத்தைக் காட்டிக் கொடுத்த கதை என்பதால், வியாபாரியாகிய எனக்கு இதில் தனிச் சுவை.

தாது ஏராளம். ஆனால் உலோகமாக்குவது கடினம். சூடான டைட்டானியம் காற்றிலுள்ள ஆக்ஸிஜனையும் நைட்ரஜனையும் விழுங்கி நொறுங்கும் தன்மை அடைந்துவிடும். ஆகவே தாதுவைக் குளோரினோடு சேர்த்துத் திரவமாக்கி, காற்றுப் புகாத கலத்தில் மக்னீசியத்தைக் கொண்டு பிரிக்கிறார்கள். கிடைப்பது கடற்பஞ்சு போன்ற துளை நிறைந்த கட்டி. அதனால்தான் அதற்கு 'ஸ்பாஞ்ச்' என்று பெயர். கேரளத்துச் சவறாவில் ஆண்டுக்கு 500 டன் திறனுள்ள இத்தகைய ஆலை, இஸ்ரோவின் நிதியுடன், ஐதராபாத் பாதுகாப்பு உலோக ஆய்வகத்தின் தொழில்நுட்பத்தில் 2011இல் திறக்கப்பட்டது. ஸ்பாஞ்சை உருக்கிக் கலவையாக்கும் பணியை 1973இல் தொடங்கிய ஐதராபாத் மிதானி நிறுவனம் செய்கிறது. நிக்கல் கலவைகளும் அங்கே தயாராகின்றன.

நிக்கல் பெயரிலேயே வம்பு இருக்கிறது. ஜெர்மானியச் சுரங்கத் தொழிலாளர்கள் செம்பு என்று நம்பித் தோண்டிய ஒரு தாதுவில் செம்பு வரவில்லை. குட்டிச்சாத்தான் ஏமாற்றிவிட்டது என்று சொல்லி அதைக் 'குப்ஃபர்நிக்கல்' என்று ஏசினார்கள். 1751இல் சுவீடனின் குரோன்ஸ்டெட் அதிலிருந்து புது உலோகத்தைப் பிரித்தார். ஏச்சே பெயராக நின்றுவிட்டது.

விமான இன்ஜினில் இவை இரண்டும் வேலையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. முன்பக்கம், காற்றை இழுத்து அழுத்தும் பகுதியில் டைட்டானியம் போகிறது. எஃகின் எடையில் ஏறக்குறைய 60 விழுக்காடுதான், வலிமையோ நல்ல எஃகுக்கு ஈடு. பெரிதும் பயன்படுவது 6 விழுக்காடு அலுமினியமும் 4 விழுக்காடு வனேடியமும் சேர்ந்த கலவை. பின்பக்கம் எரிபொருள் எரியும் வெப்பப் பகுதி. அங்கே நிக்கல் கலவைதான் தாங்கும். இன்கோனல் 718 என்ற ரகம் 650 டிகிரிச் சூட்டிலும் வலிமை குன்றாமல் நிற்கும்.

நம் பக்கத்து மாநிலமான ஒடிசாவில், கோராபுட் அருகே சுனாபேடாவில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸின் இன்ஜின் ஆலை இருக்கிறது. மிக்-21 விமானத்துக்காக 1960களில் உருவானது. அந்த விமானம் 2025 செப்டம்பரில் விடைபெற்றுவிட்டது. ஆலை ஓய்வு பெறவில்லை. சுகோய்-30 விமானங்களுக்கு 240 இன்ஜின்கள் தர 2024 செப்டம்பரில் ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. இத்தகைய இன்ஜின் ஒவ்வொன்றிலும் மேலே சொன்ன பிடிவாதக்கார உலோகங்களை யாரோ ஒருவர் கடைந்தாக வேண்டும், துளையிட்டாக வேண்டும்.

ஏன் இத்தனை கடினம்?

கடினம் என்றதும் வைரம்போல் உறுதியான உலோகம் என்று நினைக்கிறோம். அது சரியல்ல. நன்றாகப் பதமிட்ட எஃகு டைட்டானியத்தைவிடக் கெட்டி. சிக்கல் சூட்டில் இருக்கிறது.

எதைச் சீவினாலும் சூடு பிறக்கும். எஃகைச் சீவும்போது அதில் பெரும்பகுதியைச் சுருள் தன்னோடு கொண்டு போய்விடும். லேத்தடியில் விழும் சுருளைத் தொட்டவர்களுக்கு இது தெரியும். டைட்டானியம் கலவை வெப்பத்தைக் கடத்துவதில் மகா சோம்பேறி. சாதாரண எஃகு கடத்துவதில் சுமார் ஏழில் ஒரு பங்குதான். இன்கோனல் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. வெறும் இரும்புக் கரண்டியின் காம்பு சீக்கிரம் சுடும், மரக்காம்பு சுடாது அல்லவா? அதே கதைதான். போக வழியில்லாத சூடு, உளியின் நுனியிலேயே தங்குகிறது. போதாக்குறைக்கு டைட்டானியச் சுருள் உளியைத் தொடும் இடமும் மிகக் குறுகியது. அத்தனை சூடும் ஊசிமுனை அளவு இடத்தில் குவிகிறது.

டைட்டானியத்துக்கு இன்னும் இரண்டு குணங்கள் உண்டு. ஒன்று, சூடானால் எதனோடும் ஒட்டிக்கொள்ளும். உளியோடு ஒட்டி, பெயரும்போது உளியின் துணுக்கையும் பெயர்த்துக்கொண்டு போகும். இரண்டாவது, எஃகைப்போல் இருமடங்கு வளைந்து கொடுக்கும். மெல்லிய சுவருள்ள வேலையில் உளி அழுத்தினால் விலகி, உளி போனதும் திரும்பி வரும். அளவு தப்புவது இதனால்தான்.

நிக்கலின் குணம் வேறு. அடிக்க அடிக்க இறுகும். ஒருமுறை உளி தேய்த்துவிட்டுப் போன இடம், அடுத்த முறை வரும்போது முன்னைவிடக் கெட்டியாக இருக்கும். அதன் உள்ளே கலந்திருக்கும் கார்பைடு பொடிகளும் உப்புத்தாள்போல் உளியைத் தேய்க்கும். வெட்டு ஆழத்தின் விளிம்பு படும் இடத்தில் இன்சர்ட்டில் ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளத்திலிருந்துதான் உடையும்.

பட்டறையில் கைக்கொள்ள வேண்டியவை

முதலாவது, சுற்று வேகத்தைக் குறைக்க வேண்டும். 50 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள கம்பியை எடுத்துக்கொள்வோம். பூச்சுப் போட்ட கார்பைடால் எஃகை நிமிடத்துக்கு 200 மீட்டர் வீதம் சீவலாம். அது 1,270 சுற்று. டைட்டானியத்துக்கு 50 மீட்டர், அதாவது 320 சுற்று. இன்கோனலுக்கு 35 மீட்டர், 220 சுற்று. 1997இல் அந்தப் பட்டறை முதலில் செய்த தவறு இதுதான்.

இரண்டாவது, வேகத்தைக் குறைக்கலாம், ஃபீடைக் குறைத்துப் பயந்து பயந்து தடவக் கூடாது. உளி உலோகத்துக்குள் இறங்கிச் சீவ வேண்டும். நிக்கலில் இது உயிர்நாடி. முந்தைய வெட்டில் இறுகிப்போன தோலுக்குக் கீழே அடுத்த வெட்டு போக வேண்டும். உளி உலோகத்தைத் தொட்டபடி நடுவில் நிற்கவே கூடாது. மெதுவாக, ஆனால் அழுத்தமாக! அவர்களின் இரண்டாவது தவறு இந்த இடத்தில் நடந்தது.

மூன்றாவது, சரியான உளி. பட்டறைகளில் கார்பைடு என்று சொல்வதில்லை, 'விடியா' என்பார்கள். 1920களில் ஜெர்மனியின் க்ரூப் நிறுவனம் 'வைரம்போல்' என்ற பொருளில் வைத்த வணிகப்பெயர் அது. விடியாவிலும் சாதி பல. எஃகுக்கான 'பி' வகையில் டைட்டானியம் கார்பைடு சேர்ந்திருக்கும். டைட்டானியத்தைக் கடைய அது ஆகாது, இனம் இனத்தோடு ஒட்டும். டங்ஸ்டன் கார்பைடும் கோபால்ட்டும் மட்டும் சேர்ந்த 'கே' வகை, பூச்சில்லாமல், கூரான விளிம்போடு இருந்தால் நல்லது. நான் அன்று கொடுத்தது முன்னது. ஆக மூன்றாவது தவறு என்னுடையது, அதுதான் மற்ற இரண்டுக்கும் தாய்.

நான்காவது, கூலண்ட். சொட்டுச் சொட்டாக விட்டால் நுனியை எட்டுமுன்பே ஆவியாகிவிடும். பெரிய ஆலைகளில் 70 பார் அழுத்தத்தில் நேரே நுனிக்குப் பீய்ச்சுகிறார்கள். கார் டயரில் இருப்பது 2 பார் என்று நினைத்துப் பாருங்கள். திரவ நைட்ரஜனால் குளிர்விக்கும் ஆய்வுகள் நம் கரக்பூர் ஐ.ஐ.டி.யில் நடந்திருக்கின்றன.

ஐந்தாவது, உளி முழுக்கத் தேயும்வரை காத்திருக்கக் கூடாது. எஃகில் தேய்ந்த உளி சத்தம் போட்டு எச்சரிக்கும். இவற்றில் எச்சரிக்கைக்கும் உடைவுக்கும் நடுவே நேரமே இருக்காது. இத்தனை துண்டுக்கு ஒரு விளிம்பு என்று முன்கூட்டியே கணக்கு வைத்து மாற்றிவிட வேண்டும்.

இன்னொன்று, டைட்டானியத்தின் மெல்லிய சுருளும் தூளும் தீப்பிடிக்கும். அதன்மேல் தண்ணீர் ஊற்றினால் ஹைட்ரஜன் கிளம்பி நிலைமை மோசமாகும். உலர்ந்த மணல் ஒரு வாளி பக்கத்தில் இருக்கட்டும்.

இவையெல்லாம் சிறு பட்டறைக்கான விதிகள். நிக்கலைப் பீங்கான் இன்சர்ட்டால் நிமிடத்துக்கு 200 மீட்டருக்கு மேலும் சீவும் முறை உண்டு. அங்கே சூட்டையே வேலைக்காரனாக்கி உலோகத்தை இளக்கி எடுக்கிறார்கள். அதற்கு இம்மியும் அதிராத இயந்திரம் வேண்டும். நம் பழைய லேத்தில் முயன்றால் பீங்கான் தூளாகிவிடும்.

ஒரு துளையின் விலை

'அளவு சரியா வந்தா போதாதா? உளி கொஞ்சம் தேய்ஞ்சிருந்தா என்ன?' என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு சம்பவத்தைச் சொல்வது வழக்கம்.

1996 ஜூலை 6ஆம் நாள் அமெரிக்காவின் பென்சகோலாவில் டெல்டா நிறுவனத்தின் எம்.டி.-88 விமானம் ஓடுபாதையில் வேகமெடுத்தது. இடப்பக்க இன்ஜினின் முன்விசிறியைத் தாங்கும் டைட்டானிய மையத்தட்டு வெடித்து, துண்டுகள் பயணிகள் இருந்த பகுதிக்குள் பாய்ந்தன. ஒரு தாயும் அவர் மகனும் இறந்துபோனார்கள். 20,000 முறை பறந்து இறங்கும்வரை தாங்க வேண்டிய தட்டு, 14,000ஐ எட்டுமுன்பே உடைந்தது.

விசாரணையில் தெரிந்தது இது. தட்டில் இருந்த பல துளைகளில் ஒன்றை ஆலையில் துளையிட்டபோது அங்கே சூடு மிகுந்துவிட்டது. துளையின் சுவரில் ஓரிடத்தில் உலோகத்தின் உள்ளமைப்பே மாறி இறுகிப்போயிற்று. துளையின் அளவு சரியாகத்தான் இருந்தது. அந்த இறுகிய இடத்தில் விரிசல் பிறந்து, ஒவ்வொரு பறப்பிலும் மயிரிழை மயிரிழையாக வளர்ந்தது. பின்னாளில் விமான நிறுவனம் செய்த பரிசோதனையிலும் அது கண்ணுக்குத் தப்பிவிட்டது.

துளையிடும்போது எழுந்த சில நொடிச் சூடு, பல ஆண்டு கழித்து இரண்டு உயிரைக் குடித்தது. விமான வேலையில் ஒவ்வொரு கம்பிக்கும் உருக்கு எண், ஒவ்வொரு துளைக்கும் எழுதிவைத்த வேகம், உளி மாற்றிய கணக்கு என்று காகிதம் காகிதமாகக் கேட்பது இதனால்தான். ஏ.எஸ். 9100 என்னும் தரச் சான்றிதழின் சாரமும் இதுவே. நம் பட்டறைக்காரர்கள் 'பாதி வேலை காகிதம்தானா?' என்று சலித்துக்கொள்வார்கள். ஆமாம், பாதி வேலை காகிதம்தான்.

மீண்டும் பெலிலியஸ் சாலை

2000ஆம் ஆண்டில் அதே பட்டறைக்கு மறுபடி டைட்டானிய வேலை வந்தது. எட்டு ஸ்லீவ். அவர் என் கடைக்கே வந்தார் என்பது இன்றுவரை எனக்கு வியப்பு. இந்த முறை பூச்சில்லாத 'கே' வகையைக் கொடுத்துவிட்டு, கடையை மூடி, படகில் அக்கரை போய் லேத் பக்கத்திலேயே நின்றேன். சுற்று 320. கூலண்ட் குழாயை நுனிக்கு நேரே கட்டினோம். இரண்டு துண்டுக்கு ஒரு விளிம்பு என்று சாக்பீஸால் பலகையில் எழுதிவைத்தோம். இரண்டாவது துண்டு முடிந்ததும் மிஸ்திரி, "இன்னும் ஓடும் பாபு, ஏன் வீணாக்குறீங்க?" என்றார். பட்டறைக்காரர் என்னைப் பார்த்தார். நானும் வியாபாரிதானே, அதிக இன்சர்ட் விற்கத்தான் சொல்கிறேன் என்று நினைத்தாலும் தப்பில்லை. "மாத்துங்க" என்றேன். மாற்றினார்கள். எட்டும் தேறின. மீந்த இன்சர்ட்டுகளை நானே திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

இப்போது அந்தப் பட்டறையை அவர் மகன் நடத்துகிறார். இரண்டு சி.என்.சி. லேத் இருக்கிறது. விமான வேலைக்கான சான்றிதழ் இன்னும் வாங்கவில்லை, முயற்சியில் இருக்கிறார். அதே சந்தில் பூட்டிக் கிடக்கும் பட்டறைகளும் உண்டு. சாதாரண எஃகுக் கடைசலுக்கு விலை சொல்ல ஆயிரம் பேர் போட்டி. கடினமான உலோகத்தைக் கெடுக்காமல் கடையத் தெரிந்தவர்கள் சிலரே. சிறு பட்டறை பிழைக்க ஒரு வழி இதில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

நம் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. மெக்கானிக்கல் படிக்கும் பையனோ பெண்ணோ, விடுமுறையில் ஒரு வாரம் ஒரு லேத் முன்னால் நிற்கட்டும். சுருளின் நிறத்தைப் பார்க்கட்டும், சத்தத்தைக் கேட்கட்டும். புத்தகத்தில் உள்ள வெப்பக் கணக்கு அப்போது கண்முன் நிற்கும். ஹௌராவில் பார்க்க வேண்டுமென்றால் என்னிடம் சொல்லுங்கள், நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.

என் கடையில் 1997க்குப் பிறகு ஒரு மாற்றம் செய்தேன். யார் வந்து பிட் கேட்டாலும் விலை சொல்லுமுன் 'எந்த உலோகம்?' என்று கேட்பேன். பதில் எனக்குத் தெரியாத உலோகமாக இருந்தால், தெரியாது, கேட்டுச் சொல்கிறேன், நாளைக்கு வாங்க என்பேன். சிலர் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள். போகட்டும்.